விசென்டர் 8-க்கு எந்த விண்டோஸ் சர்வர் போட வேண்டும்? ஐஎஸ்ஓ-வில் செட்டப்பையே காணோம்

பனியன்ஊர்_ஐடி எழுதியது:

வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கிறேன். ஐடி துறை என்றால் நானும் இன்னொரு தம்பியும்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நாங்கள், சர்வர் படுத்தாலும் நாங்கள்.

விஷயம் இதுதான். எங்களிடம் மூன்று சர்வர்கள் (ஹோஸ்ட் என்று சொல்வது இவற்றைத்தான்), மூன்றிலும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 6.7 (ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்), அவற்றின் மேல் 34 வி.எம். (மெய்நிகர் கணினி). எல்லாவற்றையும் மேய்க்கிற விசென்டர் 6.7, ஒரு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 வி.எம்.மில் ஓடுகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டுவிட்டுப் போனது, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நான் அதில் கை வைத்ததே இல்லை. இந்த வருடம் ஆடிட்டுக்கு வந்தவர் அந்த 2012 ஆர்2-வைப் பார்த்துவிட்டு, 2023 அக்டோபரிலேயே சப்போர்ட் முடிந்த ஓஎஸ் இங்கே என்ன செய்கிறது என்று அறிக்கையில் சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டார்.

சரி, ஒரேயடியாக விசென்டரையும் 8-க்கு ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். விஸ்பியர் 8 (இஎஸ்எக்ஸ்ஐ, விசென்டர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) சந்தா ஏற்கெனவே வாங்கியாயிற்று. கூடவே முதலாளியிடம் பேசி, "விசென்டருக்கு இது கட்டாயம் வேண்டும்" என்று சொல்லி, விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் ஒன்றும் வாங்கினேன். புதிய வி.எம். உருவாக்கி, 16 ஜிபி ராம் கொடுத்து, விண்டோஸ் போட்டு, அப்டேட் எல்லாம் முடித்து, ஆசையாக விசென்டர் 8 ஐஎஸ்ஓ-வை (நிறுவுவதற்கான டிஸ்க் கோப்பு) மாட்டிப் பார்த்தால், பழைய மாதிரி செட்டப் எதுவும் இல்லை. ஃபோல்டர் ஃபோல்டராகப் புகுந்து பார்த்ததில் வின்32 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு எக்ஸ்இ கிடைத்தது. அப்பாடா என்று தட்டினால், திரை வருகிறது, இன்ஸ்டால் என்று பட்டன் இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று பக்கம் தாண்டியதும் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் பெயரையும் ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல்லையும் கேட்கிறது. நான் இந்த விண்டோஸிலேயேதானே போடச் சொல்கிறேன், அதற்கு எதற்கு ஹோஸ்டின் ரூட்? பயந்து போய் மூடிவிட்டேன்.

2022-க்கு ஆதரவு இல்லையா, 2019 தான் போட வேண்டுமா? டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல் சர்வர் தனியாக வாங்க வேண்டுமா? 16 ஜிபி ராம் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த லைசென்ஸுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பழைய_ரேக் எழுதியது:

தம்பி, தலைப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த விண்டோஸும் வேண்டாம். 2019-உம் வேண்டாம், 2022-உம் வேண்டாம், எஸ்கியூஎல்லும் வேண்டாம். விண்டோஸில் நிறுவுகிற விசென்டர் 6.7-ஓடு முடிந்தது. இது கடைசி என்று 2017 ஆகஸ்டிலேயே அறிவித்தார்கள், 2020 ஏப்ரலில் 7.0 வந்தபோது எடுத்தே விட்டார்கள். இப்போது விசென்டர் என்பது ஒரு முழு வி.எம். ஆகவே வருகிறது. உள்ளே ஓஎஸ் இருக்கிறது, அது ஃபோட்டான் என்று விஎம்வேர் தனக்காகவே தைத்துக்கொண்ட லினக்ஸ். டேட்டாபேஸும் உள்ளேயே இருக்கிறது, போஸ்ட்கிரெஸ். நீங்கள் கொடுக்க வேண்டியது அதை வைக்க ஒரு ஹோஸ்டும் டேட்டாஸ்டோரில் (வி.எம். கோப்புகள் இருக்கும் டிஸ்க்) இடமும்.

வின்32 ஃபோல்டர் உங்களை மட்டும் ஏமாற்றவில்லை, நிறைய பேர் அதில் விழுந்திருக்கிறார்கள். அது "விண்டோஸுக்கான விசென்டர்" கிடையாது. இன்ஸ்டாலரை எந்தக் கணினியில் உட்கார்ந்து ஓட்டப் போகிறீர்கள் என்பதற்கான ஃபோல்டர், அவ்வளவுதான். பக்கத்திலேயே லினக்ஸுக்கும் மேக்குக்கும் ஃபோல்டர் இருக்கும் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் வைத்து ஓட்டினால் போதும். முதல் கட்டத்தில் அது அந்த வி.எம்.மை இஎஸ்எக்ஸ்ஐ மேல் கொண்டுபோய் இறக்கும், அதற்குத்தான் ரூட் கேட்டது. இரண்டாவது கட்டத்தில் பெயர், நேரம், எஸ்எஸ்ஓ (ஒரே லாகின்) டொமைன் எல்லாம் கேட்டு உள்ளே அமைத்துக்கொள்ளும். முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அளவு: உங்களுக்கு டைனி போதும். 10 ஹோஸ்ட், 100 வி.எம். வரைக்கும் அதுதான். பதிப்பு 8-இல் டைனிக்கு 2 வி-சிபியு, 14 ஜிபி ராம். டிஸ்க் 579 ஜிபி கேட்கும், பதறாதீர்கள், தின் என்று டிக் போட்டால் ஆரம்பத்தில் அதில் சின்னப் பங்குதான் எடுக்கும். பதிப்பு 7-இல் இதே டைனிக்கு 12 ஜிபி, 415 ஜிபி. ஒவ்வொரு பதிப்புக்கும் இடுப்பளவு கூடிக்கொண்டேதான் போகிறது.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், அவசரமானவர்கள் தாண்டிப் போகலாம். 2010-இல் 4.1 வந்தபோது நான் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். 4.0 வரைக்கும் 32 பிட் விண்டோஸில் ஓடிய விசென்டர் 4.1-இல் 64 பிட் இல்லாமல் ஏறாது என்றுவிட்டது. எங்களிடம் இருந்ததோ 32 பிட் விண்டோஸ் 2003. புதிய ஓஎஸ் போட்டு, டேட்டாபேஸை நகர்த்தி, விசென்டருக்கு 64 பிட் டிஎஸ்என் (டேட்டாபேஸ் இணைப்புக் குறிப்பு), கூடவே வரும் அப்டேட் மேனேஜருக்கு மட்டும் 32 பிட் டிஎஸ்என் என்று இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். அதற்கான கருவி விண்டோஸில் இரண்டு இருக்கும், இரண்டுக்கும் ஒரே பெயர். 64 பிட் கருவி சிஸ்டம்32 ஃபோல்டரிலும் 32 பிட் கருவி சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் கிடக்கும். அப்படி வைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. நான் தலைகீழாகச் செய்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க முழித்தேன்.

2011-இல் 5.0-ஓடு முதல் அப்ளையன்ஸ் (இப்படி முழு வி.எம். ஆகவே வரும் விசென்டர்) வந்தது. அப்போது உள்ளே இருந்தது சூசே லினக்ஸ், டேட்டாபேஸ் டிபி2. உள் டேட்டாபேஸோடு 5 ஹோஸ்ட், 50 வி.எம். தான் தாங்கும் என்றார்கள், நாங்கள் எல்லாம் பொம்மை என்று சிரித்தோம். 5.5-இல் அது 100 ஹோஸ்ட், 3000 வி.எம். ஆனது. 6.5-இல் சூசேவையும் கழற்றிவிட்டு ஃபோட்டானுக்குப் போனார்கள், விண்டோஸில் இருந்து இழுத்துக்கொண்டு வரும் கருவியும் அதன் இன்ஸ்டாலரிலேயே இருந்தது. 2012 ஆர்2-வா 2016-ஆ, எந்த சர்வீஸ் பேக், எந்த எஸ்கியூஎல், எந்த ஆன்டிவைரஸ் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒவ்வொரு கூட்டணி இருந்தால் எந்த சப்போர்ட்காரர்தான் என்ன செய்வார்? எல்லோருக்கும் ஒரே பெட்டி என்று ஆக்கியதில் எனக்கு வருத்தமே இல்லை.

லைசென்ஸ் வீணாகாது. அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், கீழே யாராவது சொல்வார்கள்.

எதிர்த்திசை_டிஎன்எஸ் எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் "ஓஎஸ் தேவை எதுவும் இல்லை" என்று நிம்மதியாகப் போய் இன்ஸ்டாலரைத் தட்டினால் இரண்டாவது கட்டத்தில் மாட்டுவீர்கள். ஓஎஸ் பற்றிய கவலை போய்விட்டது, அந்த இடத்தில் டிஎன்எஸ்ஸும் (பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை) கடிகாரமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

விசென்டருக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்களோ அதற்கு டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டு முன்கூட்டியே இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, ஐபி-யைக் கொடுத்தால் அதே பெயர் திரும்பி வர வேண்டும், அதாவது பிடிஆர் ரெக்கார்டு. பல சின்ன அலுவலகங்களில் ரிவர்ஸ் ஸோன் (பிடிஆர் ரெக்கார்டுகள் இருக்கும் இடம்) என்ற ஒன்றையே யாரும் உருவாக்கியிருக்க மாட்டார்கள், அது இல்லாமலே பத்து வருடம் எல்லாம் ஓடியிருக்கும். என் கதை இதுதான். முதல் கட்டம் அழகாக முடிந்தது. இரண்டாவது கட்டத்தில் நீலக் கோடு பாதி தூரம் போய் நின்றது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிழை என்று வந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவைதான் கமாண்ட் திரையைத் திறந்து என்எஸ்லுக்அப்பில் ஐபி-யைக் கொடுத்துப் பார்த்தேன், அந்த எண்ணுக்கு வேறு ஏதோ பழைய பிரிண்டரின் பெயர் வந்தது! யாரோ எப்போதோ விட்டுப்போன ரெக்கார்டு. அதை அழித்துவிட்டு சரியானதைப் போட்டதும் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

பெயரை யோசித்து வையுங்கள், எல்லாம் சின்ன எழுத்தில். பெயர் கொடுக்காமல் ஐபி-யையே பெயராகக் கொடுத்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது நேரம். ஹோஸ்டுகளும் விசென்டரும் ஒரே என்டிபி-யைப் (நேரம் சொல்லும் சர்வர்) பார்க்கட்டும். எங்களிடம் ஒரு ஹோஸ்டில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் கடிகாரம் பின்னால் ஓடியது. சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை" என்று சண்டை போட்டது. இருபது ரூபாய் பேட்டரிக்கு ஒரு நாள் போனது.

மூன்றாவதாக ஒன்று, இதை யாரும் ஆவணத்தில் தேட மாட்டார்கள். உங்கள் டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது? அதே மூன்று ஹோஸ்டில் ஒரு வி.எம்.மாகத்தானே? அப்படியானால் ஒரு நாள் யூபிஎஸ்ஸும் கைவிட்டு எல்லாம் மொத்தமாக அணைந்து எழும்போது, விசென்டர் முதலில் எழுந்து டிஎன்எஸ்ஸைத் தேடும், டிஎன்எஸ் எழுந்திருக்காது, சர்வீஸ்கள் பாதியில் நிற்கும். டிஎன்எஸ் வி.எம். முதலில் எழும்படி ஹெச்ஏ-வில் (ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் வி.எம்.களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதி) முன்னுரிமை கொடுங்கள். ஹெச்ஏ போட்ட கிளஸ்டரில் ஹோஸ்டின் தானியங்கி ஸ்டார்ட்டப் வரிசை வேலை செய்யாது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உங்கள் புது விண்டோஸ் 2022-க்கு எனக்கு இங்கேதான் வேலை தெரிகிறது. இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகத்தில் எல்லோருடைய லாகினையும் பார்க்கும் சர்வர்), கூடவே டிஎன்எஸ்.

பனியன்ஊர்_ஐடி எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி டிஎன்எஸ் நண்பரே. படித்தவுடன் போய்ப் பார்த்தேன், ரிவர்ஸ் ஸோன் என்று எங்களிடம் எதுவுமே இல்லை. நல்ல வேளை, நேற்று பயந்து மூடினேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, இப்போது இருக்கிற 6.7 விண்டோஸ் விசென்டரில் இருக்கிற அமைப்பெல்லாம் புதியதற்கு எப்படிப் போகும்? இரண்டு, என் மூன்று ஹோஸ்டில் ஒன்று ரொம்பப் பழசு, முதல் தலைமுறை ஜியான் இ5-2600, சாண்டி பிரிட்ஜ். மற்ற இரண்டும் அதே வரிசையில் நான்காம் தலைமுறை, வி4. பழையதில் 8 ஏறுமா?

பழைய_ரேக் எழுதியது:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். சாண்டி பிரிட்ஜில் இஎஸ்எக்ஸ்ஐ 7 எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஏறும், 8-இல் அந்த சிபியு பட்டியலிலேயே இல்லை, இன்ஸ்டாலர் நிறுத்திவிடும். பூட் ஆகும்போது ஒரு சொல்லைச் சேர்த்து அதை ஏமாற்ற வழி இருக்கிறது, வீட்டு லேபில் நானே செய்திருக்கிறேன், ஆனால் சம்பளக் கணக்கு ஓடுகிற இடத்தில் அதைச் செய்யாதீர்கள். 6.7-லிருந்து போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 7-இல் வி.எம்.கே.லினக்ஸ் என்ற பழைய டிரைவர் அடுக்கையே எடுத்துவிட்டார்கள். பழைய நெட்வொர்க் கார்டு, பழைய ரெய்டு கார்டு இருந்தால் சிபியு தேறினாலும் அது தேறாது. ஹோஸ்டில் கை வைப்பதற்கு முன் அந்த கார்டுகளின் மாடலை எழுதி வைத்துக்கொண்டு விஎம்வேரின் பொருந்தும் வன்பொருள் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

ஆனால் விசென்டரை ஏற்றுவதும் ஹோஸ்டை ஏற்றுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. விசென்டர் 8, இஎஸ்எக்ஸ்ஐ 6.7 ஹோஸ்டை மேய்க்கும், அதன் மேல் உட்காரவும் செய்யும். அதனால் முதலில் விசென்டர், அப்புறம் ஹோஸ்டுகள். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். புதிய ஹோஸ்டைப் பழைய விசென்டர் அடையாளமே கண்டுகொள்ளாது. 6.7-க்கு 2022 அக்டோபர் 15-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது, ஹோஸ்டுகளையும் சீக்கிரம் நகர்த்தத்தான் வேண்டும், இல்லை என்றால் அடுத்த வருட ஆடிட்டில் வேறு வரி சிவப்பாகும்.

இப்போது முதல் சந்தேகம். இரண்டு வழி. ஒன்று, முறைப்படி இடம் மாற்றுவது. 7.0 ஐஎஸ்ஓ-வில் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைப் பழைய விண்டோஸ் விசென்டருக்குள் காப்பி செய்து ஓட்ட வேண்டும். கறுப்புத் திரை ஒன்று திறந்து நிற்கும், வேலை முடிகிற வரைக்கும் அதை மூடக் கூடாது, ஃபயர்வாலில் 9123 போர்ட் திறந்திருக்க வேண்டும். புதிய அப்ளையன்ஸ் தற்காலிக ஐபி-யோடு எழுந்து, பழையதிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, கடைசியில் பழையதை அணைத்துவிட்டு அதன் பெயரையும் ஐபி-யையும் தானே எடுத்துக்கொள்ளும். அமைப்பு மட்டும் போதுமா, பழைய நிகழ்வுகளும் வேண்டுமா, செயல்திறன் கணக்குகளும் வேண்டுமா என்று கேட்கும். முதலாவதோடு நிறுத்துங்கள், யாரும் மூன்று வருடத்துக்கு முந்தைய கிராஃபைப் பார்க்கப் போவதில்லை. இது 7-இல் கொண்டுவந்து விடும், அங்கிருந்து 8-க்கு இன்னொரு தாவல். 7.0-வுக்கும் 2025 அக்டோபர் 2-ஓடு சப்போர்ட் முடிந்தது, அங்கே தங்கக் கூடாது, கால் வைத்துத் தாண்டும் கல் மட்டும்தான்.

இன்னொரு வழி, புதிதாக 8 போட்டுவிட்டு மூன்று ஹோஸ்டையும் பழையதிலிருந்து கழற்றி இதில் மாட்டுவது. வி.எம்.கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் அணையாது. போவது என்ன என்றால் ஃபோல்டர்கள், உரிமைகள், அலாரங்கள். மூன்று ஹோஸ்டுக்கு அரை நாளில் கையாலேயே செய்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் (எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான மெய்நிகர் நெட்வொர்க் ஸ்விட்ச்) வைத்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

டேப்_மாத்துறவன் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். புதிதாகப் போட்டு ஹோஸ்டை மாட்டுகிற வழியில் போகிறவர்கள் பேக்கப்பை மறந்துவிடாதீர்கள். விசென்டர் ஒவ்வொரு வி.எம்.முக்கும் உள்ளே ஒரு அடையாள எண் வைத்திருக்கும். ஹோஸ்டைப் புதிய விசென்டரில் சேர்த்தால் அந்த எண் மாறிவிடும். உங்களுக்கு அதே டாலி சர்வர்தான், பேக்கப் மென்பொருளுக்கு அது இதுவரை பார்க்காத ஒரு வி.எம். பழைய ஜாப் "வி.எம். கிடைக்கவில்லை" என்று தினமும் தோற்கும், புதிய ஜாப் 34 வி.எம்.முக்கும் முதலிலிருந்து முழு பேக்கப் எடுக்கும். எங்கள் இடத்தில் ஞாயிறு ராத்திரி ஆரம்பித்தது புதன்கிழமை வரை ஓடி, பேக்கப் டிஸ்க் நிரம்பி நின்றது. இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஜன்னல்_பக்கம் எழுதியது:

எல்லோரும் விண்டோஸை அனாதை ஆக்குகிறீர்களே. கையில் விண்டோஸ் சர்வர் 2022 இருக்கிறது, வி.எம். ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அதிலேயே இருக்கிறது. ஓஎஸ் தேவை என்ற பேச்சு இன்னும் உயிரோடு இருப்பது எங்கள் பக்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

சிஸ்டம் சென்டரின் விஎம்எம் (எங்கள் பக்கத்து விசென்டர் மாதிரி) போட வேண்டும் என்றால் அதற்கு விண்டோஸ் சர்வர் வேண்டும், விஎம்எம் 2022-க்கு விண்டோஸ் சர்வர் 2022. அந்தக் கணினி டொமைனில் சேர்ந்திருக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் வேண்டும், இலவச எக்ஸ்பிரஸ் ஏற்காது. வி.எம்.மில் போட்டு டைனமிக் மெமரி வைத்திருந்தால் தொடக்க ராம் 2048 எம்பி-யாவது இருக்க வேண்டும். கணினியின் பெயரில் 15 எழுத்துக்கு மேல் கூடாது. இன்னொரு வேடிக்கை, பெயருக்கு நடுவில் இரண்டு பக்கமும் கோடு போட்டு எஸ்சிவிஎம்எம் என்று வைக்கக் கூடாது, கோடு இல்லாமல் ஒட்டி எழுதினால் பரவாயில்லை. எல்லோரும் வைக்க நினைக்கிற முதல் பெயரே அதுதான்.

மூன்று ஹோஸ்டுக்கு விஎம்எம் யானைக்குப் போடும் அங்குசம். விண்டோஸ் அட்மின் சென்டர் இலவசம், விண்டோஸ் 10 அல்லது 11 கணினியிலேயே போடலாம், பிரவுசரில் திறக்கும். டொமைன் கன்ட்ரோலர் மேல் மட்டும் போட விடாது.

பழைய_ரேக் எழுதியது:

ஜன்னல் தம்பி, அவர் சந்தா வாங்கிவிட்டு வந்திருக்கிறார், பொண்ணு பார்க்க வந்த இடத்தில் வேறு ஜாதகம் நீட்டாதீர்கள் :) ஆனால் அந்தப் பெயர் விஷயம் எனக்கே தெரியாது.

பச்சை_டெபியன் எழுதியது:

ஜாதகம் நீட்டுவது என்று ஆகிவிட்டது, நானும் ஒன்று. ப்ராக்ஸ்மாக்ஸில் (டெபியன் லினக்ஸ் மேல் வி.எம். ஓட்டும் மென்பொருள்) இந்தக் கேள்வியே எழாது. மேலாண்மைக்கு என்று தனி வி.எம்.மே கிடையாது. ஹோஸ்டில் போடுகிற டெபியனுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது, பதிப்பு 8-க்கு டெபியன் 12, பதிப்பு 9-க்கு டெபியன் 13. எந்த ஹோஸ்டின் ஐபி-யையும் 8006 போர்ட்டில் திறந்தால் மொத்த கிளஸ்டரும் தெரியும். 14 ஜிபி ராமை மேனேஜருக்குப் படையல் வைக்க வேண்டாம். 2024-லிருந்து இஎஸ்எக்ஸ்ஐ-யிலிருந்து வி.எம்.மை நேராக இழுக்கும் வசதியும் இருக்கிறது. விண்டோஸ் வி.எம்.களில் மட்டும் முன்கூட்டியே விர்ட்ஐஓ டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள், இல்லை என்றால் நீலத் திரைதான்.

உங்கள் பழைய சாண்டி பிரிட்ஜ் சர்வரைக் குப்பையில் போடாமல் இதில் பழகிப் பாருங்கள். சந்தா புதுப்பிக்கிற நேரம் வரும்போது உதவும்.

பனியன்ஊர்_ஐடி எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். முடிந்தது.

பழைய_ரேக் அண்ணன் சொன்ன இரண்டாவது வழியில்தான் போனேன். ரிவர்ஸ் ஸோன் உருவாக்கினேன், பெயர் இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று என்எஸ்லுக்அப்பில் நான் ஒரு தடவை, தம்பி ஒரு தடவை என்று பார்த்தோம். ஹோஸ்டுகளுக்கு என்டிபி வைத்தேன், பழைய ஹோஸ்ட் 11 நிமிடம் பின்னால் இருந்தது. சனிக்கிழமை மதியம் என் லேப்டாப்பிலிருந்து இன்ஸ்டாலரை ஓட்டினேன். நடுவில் ஒரு சின்ன அதிர்ச்சி, நெட்வொர்க் தேர்வு செய்யும் இடத்தில் எங்கள் முக்கிய போர்ட் குரூப் (ஸ்விட்சில் வி.எம்.கள் இணையும் நெட்வொர்க்) பட்டியலிலேயே வரவில்லை. அது டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தேடிப் பார்த்ததில், நேராக ஹோஸ்ட் மேல் இறக்கும்போது எஃபெமெரல் வகை போர்ட் குரூப் அல்லது சாதாரண ஸ்விட்ச் போர்ட் குரூப் மட்டும்தான் காட்டுமாம். ஒரு கேபிளைப் பிரித்து சாதாரண ஸ்விட்ச் ஒன்று போட்டு அதில் விசென்டரை வைத்தேன், இனிமேல் அங்கேயே இருக்கட்டும். அந்த டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சைப் பழைய விசென்டரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்தேன். ஹோஸ்டுகளை ஒவ்வொன்றாக மாற்றும்போது கை நடுங்கியதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வி.எம். கூட அணையவில்லை.

இனி முக்கியமான விஷயம், இதற்காகத்தான் திரும்பி வந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை பழைய விண்டோஸ் விசென்டரை அணைத்தேன். பத்தே நிமிடத்தில் எம்பிராய்டரி பிரிவிலிருந்து போன், டிசைன் மென்பொருள் திறக்கவில்லை, லைசென்ஸ் இல்லை என்கிறது. அந்த மென்பொருளின் லைசென்ஸ் சர்வீஸ் ஓடியது விசென்டர் வி.எம்.மில்! எனக்கு முன்னால் இருந்தவர், சும்மாதானே கிடக்கிறது என்று அங்கே போட்டிருக்கிறார். மறுபடி அதை எழுப்பி உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தால், டாஸ்க் ஷெட்யூலரில் வெள்ளிக்கிழமை தோறும் பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்கிற பவர்சிஎல்ஐ (விஎம்வேரின் கமாண்ட் கருவி) ஸ்கிரிப்ட் ஒன்று, யூபிஎஸ் பேட்டரி இறங்கினால் வி.எம்.களை வரிசையாக அணைக்கிற ஸ்கிரிப்ட் ஒன்று, இது இரண்டும் போக அட்டெண்டன்ஸ் மெஷினிலிருந்து தரவு எடுக்கிற ஒரு பிரோகிராம். ஆவணத்தில் எத்தனை ஜிபி ராம், எத்தனை சிபியு என்று பார்த்தேனே தவிர அந்தப் பெட்டி இத்தனை வருடமாக இன்னும் யாருக்கெல்லாம் சோறு போடுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஆக, அந்த 2022 லைசென்ஸுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஸ்டாண்டர்ட் என்பதால் ஒரு சர்வரில் இரண்டு வி.எம். போடலாமே, ஒன்று இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர், இன்னொன்று இந்த அகதிகள் எல்லோருக்கும். முதலாளியிடம் "விசென்டருக்காக வாங்கியது விசென்டரால்தான் தேவைப்பட்டது" என்று சொன்னேன். அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

டேப்_மாத்துறவன் எழுதியது:

வாழ்த்துகள். பேக்கப் என்ன ஆச்சு?

பனியன்ஊர்_ஐடி எழுதியது:

நீங்கள் சொன்னதால் பழைய ஜாப்களை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு ஏழு எட்டு வி.எம். என்று பிரித்துப் புதிய முழு பேக்கப் எடுத்தேன். இடம் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

எதிர்த்திசை_டிஎன்எஸ் எழுதியது:

இரண்டு வேலை பாக்கி. விசென்டருக்கே பேக்கப் வையுங்கள். 5480 போர்ட்டில் திறக்கிற நிர்வாகப் பக்கத்தில் அட்டவணை போட்டு எஸ்எம்பி ஷேருக்கோ என்எஃப்எஸ்ஸுக்கோ தினமும் அனுப்பலாம். அந்த ஷேர் இதே கிளஸ்டருக்குள் இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, அப்ளையன்ஸின் ரூட் கடவுச்சொல் 90 நாளில் காலாவதியாகும்படிதான் வரும். விண்டோஸ் பழக்கத்தில் இருந்து வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, நான்கு மாதம் கழித்து ஏதோ அவசரத்துக்கு உள்ளே நுழைய முடியாமல் நிற்பார்கள்.

பழைய விண்டோஸ் வி.எம்.மை அழித்துவிட்டீர்களா?

பனியன்ஊர்_ஐடி எழுதியது:

இல்லை, நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டு அணைத்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் சம்பளம் போடும் நாள் தாண்டட்டும், யாரிடமிருந்தும் போன் வரவில்லை என்றால் அழித்துவிடுகிறேன். ரூட் கடவுச்சொல் தேதியைத் தம்பியின் போனிலும் அலாரம் வைத்தாயிற்று.